காலையில் சொன்ன பதில்

— நீர் எழுதின தொட்டிதான் பொய் சொல்லியிருக்குது, அப்பாவு. நான் மூண்டு தரம் வடிவாப் பார்த்திட்டன்.

— என் தொட்டியா சார்?

— உம்மடதுதான். குளோரின் தொட்டிக்கான புரோகிராமை எழுதினது ஆர்? முதல் வரியிலயே உம்மட பேர் கிடக்குது.

— நான்தான் சார். இல்லேங்கல. ஆனா ஆள் சாவிய உருவுனா "உள்ளே ஆள்"னு குறிச்சுக்கணும். அத நூறு தடவ சோதிச்சோம் சார். நீங்களும் பக்கத்துல நின்னீங்க.

— நூறு தரம் சரியா வந்தால் நூற்றோராம் தரமும் வரும் எண்டு ஆர் சொன்னது? காளியம்மா உள்ளுக்குள்ள நிண்டு தேய்க்கேக்க, தொட்டி வெறுமையா இருக்கிறன் எண்டு சொல்லியிருக்குது. வால்வு திறந்திட்டுது. குளோரின் தண்ணி வந்திட்டுது. மிச்சம் உமக்குத் தெரியும்.

— தெரியும் சார். நான்தான உள்ள குதிச்சுத் தூக்குனேன்.

— ஓம். இப்பவும் இருமுறீர். அதுதான் உம்மை ஆபிசுக்குக் கூப்பிடாமல் நானே தைப்பிங்கில இருந்து வீட்ட வந்தனான். நாளைக்கு ஈப்போவில இருந்து ரெண்டு அரசாங்க ஆபிசர்மார் விசாரிக்க வருகினம். அதுக்கு முன்னம் நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கதை கதைக்க வேணும்.

— கதையா சார்?

— ஒரே கதை. இந்தாரும். நானே டைப் அடிச்சுக்கொண்டு வந்தனான். வாசியும்.

— "தொட்டிப் பகுதியை எழுதிய ஊழியரின் கவனக்குறைவால்..." சார், இங்கிலீசுல போட்டிருக்கிறது எனக்கு இப்படித்தான் புரியுது. சரிதானே?

— சரிதான். ஒரு ஆளின்ட கைப்பிழை. எழுதினவர் ஒப்புக்கொள்ளுறார். அவ்வளவுதான். கீழ கையெழுத்து.

— கோப்பி எடுத்துக்கிங்க ஐயா.

— வையும் மங்களம். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்.

— அக்கா போயி எட்டு நாளாச்சு. எட்டு நாளா நான் அடுப்புப் பக்கம் போவல. உங்க காரப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சு கலக்குனேன். என்னா பேப்பரு அது?

— ஒன்னுமில்ல புள்ள. ஆபிஸ் விசயம். நீ உள்ள போ.

— போவல. எங்கக்கா பேரு அதுல இருக்கு. இங்கிலீசு படிக்கத் தெரியாதுதான். ஆனா அக்கா பேரு எப்படி இருக்கும்னு தெரியும். மாசா மாசம் சம்பளச் சீட்ட ரெண்டு பேரும் ஒன்னாத்தான் வாங்குவோம். நான் இங்கயே உக்காருறேன்.

— இரும், இரும். உம்மட தமக்கையின்ட விசயம்தான். மறைக்க ஒண்டும் இல்ல.

— அப்ப எனக்கு வெளங்குற மாரி சொல்லுங்க. நான் லைன்ல கடேசியில நின்னு கையுறை உருவுறவ. பீங்கான் கை வரிசையா சங்கிலியில வரும். உருவிக் கூடையில போடுவேன். அன்னைக்கும் உருவிக்கிட்டுத்தான் இருந்தேன். மூக்கு எரிஞ்சுச்சு. எல்லாரும் வெளிய ஓடுனாங்க. நானும் ஓடுனேன். அக்கா தொட்டிக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது. வாசல்ல நின்னு தேடுறேன், எல்லா அக்கா மொகமும் தெரியுது, எங்கக்கா மொகத்தக் காணோம். அதுக்கப்பறம் ஆஸ்பத்திரி, மூனு நாளு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. அந்தத் தண்ணிய யாரு தொறந்தா?

— ஒருத்தரும் திறக்கேல்ல. கம்ப்யூட்டர் திறந்தது.

— அதுக்குக் கண்ணு இருக்கா?

— கேளும். முந்தி சிங்கப்பூர்க்காரன் ஒருத்தன் எழுதின புரோகிராம் இருந்தது. ஒன்பதாயிரம் வரி, ஒரே நீட்டுக்கு. அடுப்பின்ட சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் சங்கிலி நிக்கும். சங்கிலியைத் திருத்தினால் ரப்பர் பால் தொட்டி வழியும். ஏன் தெரியுமோ? எல்லாம் எல்லாத்துக்குள்ளயும் கையை விட்டுக்கொண்டு இருந்தது. எதைத் தொட்டால் எது விழும் எண்டு எழுதினவனுக்கே தெரியாது. மனுசன்ட மண்டை ஒரு நேரத்தில ஆறேழு விசயத்துக்கு மேல தாங்காது, மங்களம். அதுதான் நான் வந்து எல்லாத்தையும் பெட்டி பெட்டியாப் பிரிச்சன்.

— என்னா பெட்டி?

— கண்ணுக்குத் தெரியுற பெட்டி இல்ல புள்ள, கம்ப்யூட்டருக்குள்ள. அடுப்புக்கு ஒன்னு, சங்கிலிக்கு ஒன்னு, தொட்டிக்கு ஒன்னு, ஒவ்வொரு வால்வுக்கும் ஒன்னு. அடுப்போட சூடு அடுப்புப் பெட்டிக்குள்ள இருக்கும். வேற யாரும் உள்ள கைய விட முடியாது. வேணும்னா "எவ்ளோ சூடு"ன்னு கேக்கலாம், அது பதில் சொல்லும். எப்படி அளந்தேன்னு கேக்கக் கூடாது. அது அதோட வேல. நாப்பத்தி மூனு பெட்டி. சார் அத பெரிய தாள்ல வரைஞ்சு சுவத்துல ஒட்டுனாரு பாரு, எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு. அவ்ளோ பெரிய பாக்டரி, ஒரு தாள்ல. எங்க பாத்தாலும் வெளங்குது.

— இவருக்கு விளங்கின மாதிரி கோலாலம்பூரில படிச்சுப்போட்டு வந்த ரெண்டு பேருக்கும் விளங்கேல்ல. பைப் பூட்டுற ஆளாத்தான் வந்தவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில என்ர மேசையில கிடந்த புத்தகத்தை நிண்டுகொண்டே வாசிச்சார். நான்தான் தொட்டியை இவரிட்டக் குடுத்தனான். மேனேஜர் சிரிச்சவர். தோட்டத்து ஆளிட்டப் புரோகிராமா எண்டு.

— அத நாங்க மறக்கல ஐயா. மாரியம்மன் கோயில்ல உங்க பேருக்கு அர்ச்சன பண்ணுனது எங்கக்காதான். இப்ப ஒன்னு கேக்குறேன். நாப்பத்தி மூனு பெட்டியில ஆளுக்கு எது?

— என்ன ஆளுக்கு?

— அடுப்புக்கு ஒன்னு, சங்கிலிக்கு ஒன்னு. மனுசனுக்கு?

— மனுசர் மெசின் இல்லையே. லைனில வாற சாமானுக்குத்தான் பெட்டி.

— அதுக்குத்தான் புள்ள சாவி வெச்சோம். தொட்டியத் தேய்க்க ஆள் எறங்குறப்ப, பக்கத்துல இருக்கிற செவப்பு சாவியத் திருப்பி உருவிக் கையோட எடுத்துட்டுப் போவணும். உருவுனா தொட்டிப் பெட்டி குறிச்சுக்கும். வால்வு தொறக்கிறதுக்கு முன்னாடி தொட்டியக் கேக்கும். "வேணாம், உள்ள ஆள்"னு தொட்டி சொல்லிச்சுன்னா தொறக்காது.

— அப்ப அக்கா சாவிய உருவல. அப்படித்தானே சொல்ல வாரீங்க?

— அதுவும் நடந்திருக்கலாம். நான் குற்றம் சொல்லேல்ல. உங்கட ஆக்கள் சில நேரம் அவசரத்தில...

— ஆஸ்பத்திரியில அக்கா துணிமணிய ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க ஐயா. சாவிய முந்தானையில முடிஞ்சு இடுப்புல சொருகியிருந்துச்சு. பச்சச் சீல, வெளுத்து வெள்ளையாப் போச்சு. முடிச்ச அவுத்தேன். சாவி அப்படியே செவப்பா இருந்துச்சு.

— ...அது இப்ப எங்க?

— எங்கிட்ட இருக்கு. கொடுக்க மாட்டேன்.

— வைச்சிரும். அது நல்லதுதான். அப்ப அவவில பிழை இல்ல. சாவி உருவியாச்சு, தொட்டி குறிக்கேல்ல. நான் துவக்கத்தில சொன்னதுதான். தொட்டி ஆரின்ட எழுத்து? அப்பாவுவின்ட எழுத்து.

— குறிச்சிருக்கும் சார்.

— குறிச்சதை நீர் கண்டனீரோ?

— ...இல்ல சார்.

— அப்ப ஏன் கதைக்கிறீர்?

— ஐயா, வால்வு யாரு எழுதுனது?

— நான்.

— அது தொட்டியக் கேட்டுச்சா?

— கேட்டது.

— எப்ப?

— எப்ப எண்டால்?

— எத்தன மணிக்குக் கேட்டுச்சு. அக்கா சாப்புட்டு வந்து எறங்குனது ரெண்டரைன்னு லைன்ல சொன்னாங்க. தண்ணி வந்தது மூனு. வால்வு தொட்டியக் கேட்டது எத்தன மணிக்கு?

— மங்களம், அது அப்பிடி மணி சொல்லி விளங்கப்படுத்துற விசயம் இல்ல.

— மணி எனக்குத் தெரியும் ஐயா. இந்தத் தோட்டத்துல காலையில அஞ்சு மணிப் பெரட்டுக்கு வரிசையில நின்னு பேரு கொடுத்தவ. ஒரு நிமிசம் பிந்துனா அன்னைக்கு வேல இல்ல.

— காலமை. ஏழு மணிக்கு.

— ஏழு மணிக்கா?

— மெசின் துவங்கேக்க. தொட்டி வெறுமை எண்டு சொன்னது. அந்தப் பதிலை வால்வு வைச்சிருந்தது.

— ஏழு மணிக்கு அக்கா இந்த வாசல்ல நின்னு தல சீவிக்கிட்டு இருந்துச்சு. அந்த நேரத்துப் பதில வெச்சிக்கிட்டு மூனு மணிக்குத் தண்ணியத் தொறந்துச்சா?

— ஏன் சார் அப்படி?

— அப்பாவு, நீருமோ?

— ஒரு பெட்டி இன்னொன்னோட சமாச்சாரத்தத் தன் கையில வெச்சுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் மொத நாளு சொன்னீங்க. வேணும்னா திரும்பக் கேளு, நூறு தடவ கேளு, ஞாபகத்துல மட்டும் வெச்சுக்காதே, அதுக்குள்ள என்னா மாறியிருக்குன்னு உனக்குத் தெரியாதுன்னு. நான் அத நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

— சொன்னன். தாளில அது சரி. நாப்பத்திமூண்டு பெட்டியும் ஒண்டை ஒண்டு கேட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுது. சங்கிலி இழுத்து இழுத்துப் போனது. கையுறை எல்லாம் விரல் நுனியில ஓட்டை. வெள்ளைக்காரன்ட நாட்டில அந்தப் புது எய்ட்ஸ் வருத்தம் வந்த பிறகு உலகம் முழுக்க டொக்டர்மார் கையுறை கேக்கினம். முதலாளி தாவ்கே என்ர மேசையில ஒரு கூடை ஓட்டைக் கையுறையைக் கொட்டிப்போட்டு, ஸ்காட்லாந்தில இதைத்தான் படிச்சனியோ எண்டு கேட்டார். எல்லாருக்கும் முன்னால. நான் ஒரு வரியை மாத்தினன். ஒரே ஒரு வரி. காலமை ஒருக்காக் கேள், வைச்சுக்கொள். அடுத்த நாள் சங்கிலி தண்ணி மாதிரி ஓடினது.

— அன்னைக்கு லைன்ல கேக்கு வெட்டுனாங்க. எனக்கு ராத்திரி ஷிப்டு. அக்கா ஒரு துண்ட தாள்ல மடிச்சுக் கொண்டாந்து கொடுத்துச்சு. ரோஸ் கலர்ல பூ போட்ட துண்டு. அதுக்கா அந்தக் கேக்கு?

— நீர் இப்பிடிக் கதைச்சால் நான் ஒண்டும் சொல்லேலாது.

— நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். தொட்டி பொய் சொல்லலன்னு மட்டும் சொல்லுங்க. இந்த மனுசன் எட்டு நாளா தூங்கல. பாயில உக்காந்து, விரல விட்டு எண்ணிக்கிட்டு இருக்காரு. நான் சாவிய அப்படி வெச்சேன், அப்பறம் இப்படி எழுதுனேன்னு. சோறு வெச்சா தட்டுல கோடு போடுறாரு.

— தொட்டியிலயும் பிழை இருக்குது. சாவி உருவின உடனே தொட்டி தானாகவே வால்வுக்குச் சொல்லியிருக்க வேணும், நான் மாறிட்டன் எண்டு. இவர் அதை எழுதேல்ல.

— நான் கேட்டேன் சார். நீங்கதான் வேணாம்னீங்க. கேட்டா மட்டும் பதில் சொல்லணும், ஒவ்வொன்னும் தானா வாயத் தொறந்தா மறுபடியும் சந்தக்கடையாயிரும்னு.

— எழுத்தில கிடக்குதோ?

— என்னா சார்?

— நான் வேண்டாம் எண்டு சொன்னது. எங்கயாவது எழுத்தில கிடக்குதோ?

— இல்ல சார். வாயிலதான் சொன்னீங்க.

— அப்ப?

— அப்ப இல்ல சார்.

— பாரும் அப்பாவு. நான் உமக்கு எதிரி இல்ல. நாளைக்கு ரெண்டு விதமா முடியலாம். வடிவமைப்பே பிழை எண்டு வந்தால் நாலு லைனையும் பூட்டுவினம். ஆறு மாதமோ, ஒரு வருசமோ. ஆர்டர் எல்லாம் தாய்லாந்துக்குப் போயிடும். முந்நூறு பொம்பிளையள். அதில பாதிப் பேர் இந்தத் தோட்டத்து ஆக்கள். தோட்டத்தை வித்து, மரத்தைத் தள்ளி, கமுந்திங்கில பாக்டரி கட்டேக்க எங்க போறது எண்டு தெரியாமல் நிண்டவையள். திரும்பவும் நிப்பினம். ஆரால எண்டு கேட்டால் உம்மட வீட்டைத்தான் காட்டுவினம்.

— இன்னொரு விதம்?

— ஒரு ஆளின்ட கைப்பிழை. அந்த ஆளை நிப்பாட்டியாச்சு, அந்த வரியைத் திருத்தியாச்சு எண்டு காட்டினால், வாற புதன்கிழமை லைன் ஓடும்.

— திருத்துறதுன்னா வால்வ மறுபடியும் கேக்க வெப்பீங்களா சார்? ஒவ்வொரு தடவையும்?

— பாப்பம்.

— கேக்க வெக்கணும் சார்.

— பாப்பம் எண்டு சொன்னன்.

— இவருக்கு என்னா ஆவும்?

— வேலை போகும். அது தவிர்க்கேலாது. கம்ப்யூட்டர் வேலை இனி ஒருத்தரும் குடுக்க மாட்டினம். பைப் பூட்டத் தெரியும்தானே.

— போலிஸு?

— அது என்ர கையில இல்ல.

— நல்லாருக்கு ஐயா. கோப்பி ஆறிப் போச்சு, பாருங்க, ஆடை கட்டிருச்சு. தீபாவளிக்கு வந்தப்பவும் நீங்க குடிக்கல. முறுக்கு வெச்சோம், தொடல. வயிறு சரியில்லன்னீங்க. அக்கா பாவம், நம்பிடுச்சு. நான் நம்பல. இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்காதவருக்கு இந்த வீட்டு ஆள் கையெழுத்து மட்டும் வேணும்.

— மங்களம், போதும்.

— சொல்லட்டும். செத்த வீட்டில கோபம் வரும். நான் பொறுப்பன். ஆனால் நேரம் இல்ல அப்பாவு. நீர் கையெழுத்து வைக்காட்டில் நாளைக்கு நான் என்ன சொல்லுவன் எண்டு இப்பவே சொல்லிப்போட்டுப் போறன். மறைச்சுச் செய்யிற ஆள் இல்ல நான்.

— சொல்லுங்க சார்.

— ஈப்போ பொலிடெக்னிக்கில பின்னேர வகுப்புப் படிச்ச ஒரு ஃபிட்டருக்கு இரக்கப்பட்டு ஒரு பொறுப்புக் குடுத்தன் எண்டு சொல்லுவன். ஒவ்வொரு நாளும் இருத்திச் சொல்லிக் குடுத்தன். விளங்குதோ எண்டு கேட்டால் சார், சார் எண்டு தலையாட்டுவார். ஒண்டும் விளங்கேல்ல எண்டு பிறகுதான் தெரிஞ்சது. தோட்டத்து லயத்தில பிறந்து வளந்த ஆள். பெரியவர் ஆர் என்ன சொன்னாலும் ஆமா போடுற பழக்கம். நான் விட்ட ஒரே பிழை, அந்தத் தலையாட்டலை நம்பினது. அப்பிடிச் சொல்லுவன். வாற ஆபிசர் ரெண்டு பேரும் என்னைப் போல வெளியில படிச்சவையள். அவையளுக்கு அது சுகமா விளங்கும்.

— எனக்கு வெளங்குச்சு சார்.

— தெரியும்.

— எல்லாமே வெளங்குச்சு. நாப்பத்தி மூனும்.

— எனக்குத் தெரியும் அப்பாவு. உமக்கு என்ன விளங்கினது எண்டு எனக்கு நல்லாத் தெரியும். ஆனால் அதைச் சொல்லுறதுக்கு இந்த நாட்டில என்னை விட்டால் ஆள் இல்ல. கையெழுத்து வையும்.

— பேனா கொடுங்க சார்.

— என்னாங்க பண்ணுறீங்க?

— விடு புள்ள.

— கையால தொடாதீங்க அந்தப் பேனாவ. ஐயா, நாளைக்கு நானும் வாரேன். ஆபிசர் முன்னால நிக்கிறேன். ஏழு மணின்னு சொல்லுவேன், மூனு மணின்னு சொல்லுவேன், சாவியக் காட்டுவேன். எனக்கு மலாய் நல்லா வரும்.

— வாரும். செத்தவவின்ட தங்கச்சி, கையெழுத்து வைச்சவரின்ட மனிசி. புருசனைக் காப்பாத்த வேற என்ன சொல்லுவா எண்டு கேப்பினம். நான் உம்மைத் தடுக்கேல்ல.

— எங்க சார் போடணும்?

— ரெண்டு இடத்தில. இதில ஒண்டு, கீழ ஒண்டு. முழுப் பேரும், தகப்பன்ட பேரும்.

— அப்பாவு, ஐயாவு மகன். தேதி?

— இண்டைக்கு வேண்டாம். நடந்ததுக்கு அடுத்த நாள் தேதி போடும். உடனயே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும், உமக்கும் நல்லது. பதினஞ்சு மூண்டு எண்பத்தெட்டு.

— பதினஞ்சாந்தேதி அக்காவுக்கு மூச்சு இருந்துச்சு. ஆஸ்பத்திரி பெஞ்சுல இந்த மனுசன் எங்கூட உக்காந்திருந்தாரு. அந்தத் தேதியிலயா?

— போட்டாச்சு சார்.

— நல்லது. மையைக் காய விடும். அப்பாவு, இனி ஒண்டு சொல்லலாம். நீர் எழுதின தொட்டியில ஒரு பிழையும் இல்ல. நான் மூண்டு தரம் பார்த்தது அதுக்காகத்தான், ஒரு பிழையாவது கிடைக்குமோ எண்டு. இல்ல. வடிவான எழுத்து. நான் எழுதியிருந்தாலும் அப்பிடி வந்திராது.

— தெரியும் சார்.

— நாளைக்கு நீர் வர வேண்டாம். இருமல் எண்டு சொல்லிவிடுறன். வெளியில காரை வளைச்சு எடுக்க இடம் காணுமோ?

— காணும் சார். வலது பக்கம் பாத்து எடுங்க. சாக்கட இருக்கு, பலக ஒடஞ்சிருக்கு.

— வாறன்.

— சரிங்க சார்.

— பலக ஒடஞ்சிருக்கா? விழுந்து சாவட்டும்னு விட்டிருக்கலாம்ல. பாத்து எடுங்கன்னு வழி சொல்லுறீங்க.

— போயிட்டாரு. விடு.

— எப்படி விடுறது? உங்களத் தூக்கி வெச்சுப் பேசிட்டு, உங்க தலையிலயே எங்கக்கா பொணத்த வெச்சுட்டுப் போறான். நீங்க பேனா கேக்குறீங்க. எதுக்குப் பயம்? சோத்துக்கா? நான் திரும்பப் பால் வெட்டப் போறேன். சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் தோட்டம் இருக்கு. நம்ம பாப்பாவ உங்க தங்கச்சி வீட்டுல விட்டுட்டு நாளைக்கே போலாம். நாலு பேரு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல. எந்தச் சாமி முன்னாலயும் நான் கற்பூரம் அடிச்சுச் சொல்லுவேன்.

— சொல்லாத மங்களம்.

— ஏன் சொல்லக் கூடாது? உங்க தொட்டி சரியாக் குறிச்சுச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

— குறிச்சுச்சு. ரெண்டு முப்பத்தி ரெண்டுக்கு. "உள்ளே ஆள்"னு தாள்ல அச்சாகி வந்துச்சு. நான் படிச்சேன்.

— பாக்கலன்னு அவன்கிட்ட சொன்னீங்க.

— பாத்தேன்.

— அந்தத் தாளு எங்க? அது ஒன்னு போதுமே. நான் நாளைக்கு அதையே எடுத்துட்டுப் போறேன். எங்க வெச்சிருக்கீங்க?

— இல்ல. எரிச்சிட்டேன்.

— அவன் எரிக்கச் சொன்னானா?

— அவருக்கு அப்படி ஒரு தாள் வந்ததே தெரியாது. நான்தான் எரிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால, அன்னைக்கு சாயங்காலமே.

— ஏன்?

— அந்தத் தாளு வந்தப்ப நான் பிரிண்டர் பக்கத்துல நிக்கிறேன்னு அதுல தெரியும். தாள எடுத்துப் படிச்சவன் மேல கையெழுத்துப் போடணும், நான் போட்டுட்டேன். தொட்டிக்குள்ள ஆள் இருக்குன்னு படிச்சும் சும்மா நின்னவன் யாருன்னு கேப்பாங்க.

— நின்னா என்னா? வால்வு கேக்கும்னு நம்பித்தானே நின்னீங்க. அவன் வரிய மாத்துனது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்.

— என்னா தெரியும்?

— கேக்கு வெட்டுனாங்கல்ல. அதுக்கு மறுநாளே அந்த வரியப் படிச்சுட்டேன். வால்வு இனிமே தொட்டியக் கேக்காதுன்னு, அக்கா எறங்குனப்பவே எனக்கு மூனு வாரமாத் தெரியும்.

— மூனு வாரமாவா?

— மூனு வாரமா.

— வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல?

— எப்படிச் சொல்லுவேன்? அவர் போட்ட விதிய அவரே மீறிட்டாருன்னு, பைப் பூட்டிக்கிட்டு இருந்தவன் போய்ச் சொல்லுறதா? அந்தத் தாள் படம் எனக்கு... அது அழகா இருந்துச்சு மங்களம். அதுல ஓட்டைன்னு நான் வாயால சொல்ல எனக்கு மனசு வரல. சனிக்கெழம மட்டும்தான் தொட்டியத் தேய்க்கிறாங்க, நானே பக்கத்துல நின்னு பாத்துக்கலாம்னு நெனச்சேன். ரெண்டு சனிக்கெழம நின்னேன். ஆள் மேல ஏறுனப்பறம்தான் நகர்ந்தேன்.

— அன்னைக்கு திங்கக்கெழம.

— ஆமா. அந்த வாரம் ஆர்டர் அவசரம்னு சனிக்கெழமயில தேய்க்கல. திங்கக்கெழமைக்கு மாத்துனாங்க. அப்பவும் நான் போய் நின்னேன். பாதியில பிரிண்டர்ல தாள் சிக்கிக்கிச்சுன்னு சார் கூப்புட்டாரு. அஞ்சு நிமிசம்தானேன்னு போனேன். தாள எடுத்தேன். "உள்ளே ஆள்"னு அடிச்சுச்சு. மணியப் பாத்தேன். மூனு மணித் தண்ணிக்கு இன்னும் நேரம் இருக்குன்னு நெனச்சேன். இன்னொரு தாள் சிக்குச்சு.

— போறப்ப அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. கொஞ்சம் ஏறி நில்லுங்கக்கா, நான் வந்தப்பறம் எறங்குங்கன்னு.

— சொன்னா ஏன்னு கேக்கும்.

— கேட்டா என்னா?

— அது மொதல்லயே எறங்க மாட்டேன்னுச்சு, மங்களம். தண்ணி வந்துருமோ தம்பின்னு ஏணியப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நான்தான், உங்களக் கேக்காம வால்வு தொறக்காதுக்கான்னு சொல்லி, கையப் புடிச்சு உள்ள எறக்கிவிட்டேன்.